அடுப்படி இல்லாத ஏரி வீடு

கொடைக்கானலுக்கு நான் போயிருக்கிறேன் என்று சொன்னால் அது பாதிதான் உண்மை. ஏரியை ஒட்டி ஒரு வீட்டை வாடகைக்கு எடுத்து மூன்று நாள் தங்கினோம். திரும்பி வந்ததும் ஸ்டாஃப் ரூமில், "டீச்சர், கொடைக்கானல் எப்படி இருந்துச்சு?" என்று கேட்டார்கள். "கேஸ் அடுப்புல ஒரு பர்னர் சரியா எரியலை" என்றேன். எல்லாரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை. எனக்கு நினைவிருந்தது அது ஒன்றுதான். அந்த ஏரி எந்தத் திசையில் இருந்தது என்று இன்றைக்குக் கேட்டாலும், பாத்திரம் கழுவும் தொட்டிக்கு மேலே இருந்த சின்ன ஜன்னலை வைத்துத்தான் என்னால் சொல்ல முடியும்.

காரணம், எங்கள் வீட்டு ஆண்களுக்கு வெளிச் சாப்பாடு ஆகாது. ஆகாது என்றால் வயிற்றுக்கு ஒன்றும் செய்யாது, மனசுக்குத்தான் ஆகாது. புதுக்கோட்டையில் உரக்கடை வைத்திருக்கும் என் வீட்டுக்காரர் சாயங்காலம் வாசலில் செருப்பைக் கழற்றும்போதே, "இன்னைக்கு என்ன கொழம்பு?" என்று கேட்டுக்கொண்டுதான் உள்ளே வருவார். பதில் சொன்னதும் முகத்தைச் சுளித்துக்கொண்டு அடுத்த கேள்வி வரும்: "நேத்தும் அதான?" இது அவர் அப்பாவிடமிருந்து வந்த சொத்து. மாமா இதையே நாற்பத்தைந்து வருடமாக அத்தையிடம் கேட்டுக்கொண்டிருக்கிறார். நான் இந்த வீட்டுக்கு வந்து இருபத்திரண்டு வருடம் ஆகிறது. விடிகாலை நாலரைக்கு அடுப்பைப் பற்ற வைத்தால்தான் ஆவூர்ப் பக்கம் இருக்கும் என் பள்ளிக்கூடத்துக்கு பஸ்ஸைப் பிடிக்க முடியும். அத்தை எனக்கு முன்னாலேயே எழுந்து அரிசி களைந்துகொண்டிருப்பார்.

போன வருடம் என் கொழுந்தன் துபாயிலிருந்து இரண்டு மாத லீவில் வந்தான். முப்பத்தெட்டு வயது, நாலு வருடமாகப் பெண் பார்க்கிறோம், ஒன்றும் அமையவில்லை. வந்த மூன்றாம் நாளே, "மதினி, இந்த வெயிலை மனுசன் தாங்குவானா? எல்லாரும் இமயமலைப் பக்கம் போயிருவோம்" என்றான். அவனோடு வேலை பார்க்கும் ஒருவனுக்கு வடக்கே மலைக்குள் ஊராம். நாலு பக்கமும் மலை, நடுவில் பள்ளத்தாக்கு, பள்ளத்தாக்குக்குள் பச்சையாக ஒரு ஏரி. அந்த ஏரிக்கரையில் வீடுகள் வாடகைக்குக் கிடைக்குமாம். போனில் படத்தைக் காட்டினான். அவன் கணக்கு எனக்குத் தெரியும். பின்னால் பனிமலை தெரிகிற மாதிரி ஒரு போட்டோ எடுத்துப் பெண் வீட்டுக்கு அனுப்பினால் இந்தத் தடவையாவது அமையும் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள்.

என் வீட்டுக்காரர் படத்தைப் பார்த்தார். "ஏரியில மீன் இருக்குமாடா?"

"இருக்கும்ணே."

"அப்ப நம்ம மசாலாவை எடுத்துக்கிட்டுப் போயிருவோம். அந்தக் குளிருக்கு மீன் கொழம்பு வச்சுச் சாப்பிட்டா எப்படி இருக்கும்!"

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கட்டுமாவடி மீனை ஞாயிற்றுக்கிழமை தவறாமல் இங்கே ஆய்ந்து தருவது போதாதென்று, இமயமலை மீனையும் நான்தான் ஆய வேண்டுமாம். அன்றைக்கே மனசுக்குள் முடிவு செய்தேன். இந்த ஜென்மத்தில் ஏழே ஏழு நாள் நான் அடுப்புப் பக்கம் போகக் கூடாது. ஏழு நாள் காலையில் எழுந்து ஒரு வேலையும் இல்லாமல் உட்கார வேண்டும். எனக்கு வேறு எந்த ஆசையும் இல்லை, பனிமலை கூட வேண்டாம். அதற்கு என்ன பொய் சொல்ல வேண்டியிருந்தாலும் சொல்வது.

வீடு பார்க்கிற வேலை என் தலையில்தான் விழும் என்பது தெரிந்ததுதான். திருச்சியில் படிக்கும் என் மகள் லீவுக்கு வந்திருந்தாள். அவளும் நானும் போனை வைத்துக்கொண்டு உட்கார்ந்தோம். எல்லா ஓனர்களும் படுக்கையறையை விட அடுப்படியைத்தான் பெருமையாகப் படம் பிடித்துப் போட்டிருந்தார்கள். நாலு அடுப்பு, மிக்ஸி, குக்கர், தட்டு அடுக்கும் ஸ்டாண்டு. பார்க்கப் பார்க்க எனக்கு முதுகு வலித்தது. தள்ளு, தள்ளு என்று சொல்லிக்கொண்டே வந்தேன். கடைசியில் ஒரு வீடு. மரப்பலகை போட்ட மூன்று அறை, ஏரியைப் பார்த்த வராந்தா. மகள் கீழே எழுதியிருந்ததைப் படித்துவிட்டு, "அம்மா, இது வேணாம். இதுல கிச்சன் இல்லையாம். மூணு வேளையும் பக்கத்து வீட்டுல இருந்து ஓனரே சமைச்சுக் கொண்டாந்து குடுப்பாராம்" என்றாள்.

"ஓனரேவா?"

"ஆமா. எச்சி ஏனத்தையும் அவங்களே எடுத்துட்டுப் போயி வெளக்கிருவாங்களாம்."

"வாயை மூடிக்கிட்டு அதைப் போடுடி" என்றேன்.

முன்பணமும் என் சம்பளத்திலிருந்தே கட்டிவிட்டேன். என் வீட்டுக்காரர், "அடுப்படி பெருசா இருக்குல்ல?" என்று கேட்டார். "அடுப்படியைப் பத்தி நீங்க கவலையே பட வேணாம்" என்றேன். அவரும் கவலைப்படவில்லை. என் திட்டம் என்னவென்றால், ரயிலேறி, மலையேறி, போய் இறங்கிய பிறகு தெரியட்டும். அதற்கப்புறம் என்ன செய்துவிடுவார்கள்? இட்லிக்காகப் புதுக்கோட்டைக்கு பஸ் பிடிப்பார்களா?

அத்தை மட்டும் வரவில்லை என்று முதல் நாளே சொல்லிவிட்டார். முழங்கால் வலி, மாட்டை யார் பார்ப்பது, முருங்கை காய்த்துக் கிடக்கிறது, நாலைந்து காரணம். "நீங்க போயிட்டு வாங்கப்பா, நான் இங்கிட்டே இருக்கேன்." யாரும் வற்புறுத்தவில்லை. உண்மையைச் சொன்னால் நானும் வற்புறுத்தவில்லை. ஆனால் வராத மனுஷி சும்மா இருந்தாரா என்றால் அதுவும் இல்லை. நாங்கள் எடுத்துப்போக என்று மிளகாய் வறுப்பதும் மல்லி காய வைப்பதும் பருப்புப் பொடி இடிப்பதுமாக இருந்தார். புளியைக் கொட்டை எடுத்து உருண்டை பிடித்து டப்பாவில் அடைத்தார். பரண் மேல் இருந்த சின்ன இட்லிச் சட்டியை இறக்கித் தேய்த்து, பழைய வேட்டியில் சுற்றி என் பைக்குள்ளேயே வைத்தார். எனக்கு வந்த கோபம் கொஞ்சமில்லை. தான் வராவிட்டாலும் அடுப்பை எனக்குத் துணைக்கு அனுப்புகிறாரே, என்ன ஜென்மம் இது என்று அடுப்படியில் வெங்காயத்தை நறுக்கு நறுக்கென்று நறுக்கினேன்.

இப்படி எல்லாம் சரியாகப் போய்க்கொண்டிருந்தபோதுதான் மாமா குறுக்கே வந்தார்.

மாமா வி.ஏ.ஓ.வாக இருந்து ஓய்வு பெற்றவர். ஓய்வு பெற்றது வேலைக்குத்தான் தெரியும், அவருக்குத் தெரியாது. கல்யாண வீட்டுக்குப் போனால் மண்டபம் எந்த சர்வே நம்பரில் இருக்கிறது என்று கேட்பார். சர்வீஸில் இருந்தபோது கண்மாய் ஆக்கிரமிப்பு எடுக்கப் போய் அருவாள் வெட்டிலிருந்து மயிரிழையில் தப்பியவர். அதில் அவருக்குப் பெரிய பெருமை, நியாயமான பெருமைதான். அவர் அந்த ஏரி வீட்டின் படத்தைக் கண்ணாடி போட்டுப் பார்த்தார், கண்ணாடியைக் கழற்றிப் பார்த்தார், பிறகு போனைத் திருப்பிக் கொடுத்தார்.

"இதுல நான் தங்க மாட்டேன்."

"ஏன் மாமா?"

"கண்மாய்க் கரையில வீடு கட்டியிருக்கான். புறம்போக்கு. இதுக்கு எவன் பட்டா குடுத்தான்?"

"மாமா, அது கண்மாய் இல்லை, ஏரி."

"பேரு என்னவா வேணா இருக்கட்டும்மா. தண்ணி நிக்கிது, கரை இருக்கு. கரையில வீடு இருக்கு. நான் முப்பத்தி மூணு வருசம் இடிக்கச் சொல்லி எழுதுனதை, இப்ப வாடகை குடுத்துப் படுக்கச் சொல்றியா?"

என் வீட்டுக்காரர் சொல்லிப் பார்த்தார். கொழுந்தன் கெஞ்சிப் பார்த்தான். மகள், "தாத்தா, அது வேற ஸ்டேட்" என்றாள். "வேற ஸ்டேட்டுன்னா தண்ணி மேல நோக்கி ஓடுமா?" என்று கேட்டார். பட்டாவைக் கண்ணால் பார்க்காமல் ரயிலேறுவதில்லை என்று சொல்லிவிட்டுச் சாய்வு நாற்காலியில் கண்ணை மூடிக்கொண்டார். அவர் வராவிட்டால் என் வீட்டுக்காரர் வர மாட்டார். அவர் வராவிட்டால் எனக்கு ஏழு நாளும் கிடையாது, ஏரியும் கிடையாது.

வேறு வழியில்லாமல் கொழுந்தன் அந்த ஓனருக்குப் போன் போட்டான். அவனுடைய இந்தி துபாயில் கட்டட வேலையில் கற்றது. தூக்கு, இறக்கு, சிமெண்ட் கொண்டா, சீக்கிரம் கொண்டா, அவ்வளவுதான் பாடம். எந்த வாக்கியமும் 'ஜல்தி ஜல்தி' இல்லாமல் முடியாது. இமயமலையில் எங்கேயோ அமைதியாக உட்கார்ந்திருந்த அந்த மனிதரிடம், விருந்தாளியாக வரப்போகும் ஒருத்தன், உன் வீட்டுப் பத்திரத்தை ஜல்தி கொண்டா என்று கத்துகிறான். நான் தலையில் கை வைத்துக்கொண்டேன். இதோடு முன்பணத்தைத் திருப்பி அனுப்பிவிட்டு எங்கள் நம்பரையே அழித்துவிடுவார் என்றுதான் நினைத்தேன்.

ஆனால் அந்த மனிதர் சிரித்தாராம். ஒரு மணி நேரத்தில் ஐந்து பக்கம் போனில் வந்து விழுந்தது. பத்திரம், நில வரைபடம், வீட்டின் பிளான், எல்லாம். மாமாவுக்குப் பிள்ளை பிறந்த அன்றைக்குக் கூட முகம் அப்படி மலர்ந்திருக்காது. சட்டையை மாட்டிக்கொண்டு பஸ் ஏறிப் புதுக்கோட்டை பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் ஜெராக்ஸ் கடைக்குப் போய், பெரிய தாளில் பிரிண்ட் எடுத்துக்கொண்டு மத்தியானச் சாப்பாட்டுக்குத் திரும்பி வந்தார்.

கூடத்தில் கட்டில் மேல் தாள்களை விரித்தார். நாலு மூலைக்கும் நாலு டம்ளரை வைத்தார். அளவுகோல், பென்சில், பூதக்கண்ணாடி. இந்தியில் ஒரு எழுத்து தெரியாது. ஆனால் கோடு எந்த ஊரிலும் கோடுதானே. வடக்கு இது, வழி இது, ஓடை இது, தண்ணி நிற்கும் எல்லை இது என்று விரலை நகர்த்திக்கொண்டே போனார். வீட்டு ஆண்கள் இரண்டு பேரும் பக்கத்தில் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்கள். நான் அடுப்படி நிலைப்படியில் நின்றேன். உள்ளே அத்தை தேங்காய் துருவுகிற சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது.

"கரையில இருந்து அறுவது மீட்டர் தள்ளித்தான் இருக்கு" என்றார் மாமா. "பட்டா நெலம்தான். தங்கலாம்."

எனக்கு உயிர் வந்தது. கொழுந்தன் கையைத் தட்டினான்.

மாமா அதோடு தாளைச் சுருட்டியிருக்கலாம். சுருட்டவில்லை. முப்பத்து மூன்று வருடப் பழக்கம், கடைசித் தாளையும் பார்க்காமல் எழுந்திருப்பாரா? வீட்டின் பிளானை எடுத்தார். "இது வராந்தா. இது ரூம்பு, இது ரூம்பு, இது ரூம்பு. இது பாத்ரூம்பு." பூதக்கண்ணாடி சுற்றிச் சுற்றி வந்தது.

"ஏம்மா, இதுல அடுப்படி எங்க?"

மகள் மெல்ல எழுந்து மாடிக்குப் போய்விட்டாள், கெட்டிக்காரி.

"அடுப்படி இல்லையா?" என் வீட்டுக்காரர் என்னைப் பார்த்தார். "ஒனக்குத் தெரியுமா இது?"

இனி மறைத்து என்ன ஆகப்போகிறது? "தெரியும். தெரிஞ்சுதான் எடுத்தேன்" என்றேன்.

"அடுப்படி இல்லாம அது என்ன வீடு? சத்திரமா?"

"சத்திரமாவே இருக்கட்டும். கொடைக்கானல்ல ஏரி எந்தப் பக்கம் இருந்துச்சுன்னு எனக்குத் தெரியாது, தெரியுமா ஒங்களுக்கு? மூணு நாளும் நான் பார்த்தது ஒங்க எச்சித் தட்டைத்தான். காலையில இட்லி, மத்தியானம் கொழம்பு, சாயங்காலம் பஜ்ஜி. அங்கிட்டுப் போயும் 'நேத்தும் அதான'ன்னு கேட்டீங்களே, அப்பவே நான் மனசுல வச்சுக்கிட்டேன். ஏழு நாள். ஏழே நாள் நான் சமைக்க மாட்டேன். அதுக்குத்தான் இந்த வீடு." அழக் கூடாது என்று எவ்வளவு பல்லைக் கடித்தும் அழுதுவிட்டேன். வெட்கமாக இருந்தது, அதனால் இன்னும் கோபம் வந்தது.

"அதுக்குன்னு ஏழு நாளும் ரொட்டியைத் தின்னுட்டு எப்படிம்மா இருக்கிறது?" என்றார் மாமா, பாவமாக. அவர் கெட்ட மனுஷன் இல்லை. ரொட்டியைத்தான் பெரிய ஆபத்தாக நினைத்தார். "வேற வீடு பார்ப்போம். அடுப்படி உள்ளதா."

"அதான் சரி" என்றார் என் வீட்டுக்காரர். "டேய், அந்தாளுக்குப் போனைப் போட்டு வேணாம்னு சொல்லிரு."

கொழுந்தன் என்னையும் அண்ணனையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டே போனைக் கையில் எடுத்தான். முடிந்தது என்று நினைத்தேன்.

தேங்காய் துருவுகிற சத்தம் நின்றிருந்தது. அத்தை கையில் பாதி மூடியோடு என் பக்கத்தில் வந்து நின்றார்.

"அங்கிட்டு யாரு சமைக்கிறா?"

"வீட்டு ஓனர், ஆத்தா" என்றான் கொழுந்தன்.

"ஆம்பளையா?"

"ஆமா."

"மூணு வேளையுமா?"

"மூணு வேளையும்" என்று நான் மூக்கை உறிஞ்சிக்கொண்டே சொன்னேன்.

"ஏனம் வெளக்குறது?"

"அவங்கதான் அத்தை."

அத்தை கொஞ்ச நேரம் கட்டிலில் விரித்திருந்த பிளானையே பார்த்தார். அவருக்கு அதில் எதுவும் புரிந்திருக்காது. பிறகு தேங்காய் மூடியைக் கொண்டுபோய், மாமா மூலைக்கு வைத்திருந்த டம்ளருக்குப் பக்கத்தில் வைத்தார்.

"போனைக் கீழ வைடா. எனக்கும் ஒரு டிக்கெட் போடு."

மாமா திகைத்துப்போனார். "ஒனக்கு முழங்கால் வலின்ன?"

"நிக்கிறவளுக்குத்தான் முழங்கால் வலி. ஒக்காந்திருக்கிறவளுக்கு என்ன வலி?"

"மாடு?" என்றார் மாமா.

"மாடு பக்கத்து வீட்டுல போயி இருக்கட்டும். அதுவும் நாலு எடம் பார்க்க வேணாமா?"

கொழுந்தன் போனைக் கீழே வைத்தான். எனக்கு அப்போதுதான் உறைத்தது. கொடைக்கானலில் அந்தத் தொட்டிக்கு முன்னால் நான் பாத்திரம் கழுவினேன் என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தேனே, கழுவிய பாத்திரத்தை வாங்கித் துடைத்தது யார்? பக்கத்தில் நின்றது இவர்தான். எரியாத பர்னரில் ஊதி ஊதிப் பார்த்ததும் இவர்தான். இவரும் அந்த ஜன்னலைத் தாண்டி ஏரியைப் பார்க்கவில்லை என்பது எனக்கு ஒரு நாள் கூடத் தோன்றவில்லை. ஏழு நாள் எனக்கு வேண்டும், எனக்கு வேண்டும் என்று நினைத்தேனே தவிர, நாற்பத்தைந்து வருடத்தைப் பற்றி நினைக்கவே இல்லை. ரொம்பக் கேவலமாக இருந்தது.

சாயங்காலம் அத்தையே என் பையைத் திறந்து இட்லிச் சட்டியை எடுத்து வெளியே வைத்தார். "நீ அங்கிட்டுப் போயி அரைச்சுக்கிட்டு நிக்கக் கூடாதேன்னுதான் எல்லாத்தையும் பொடியா இடிச்சேன். பாதி வேலையாச்சும் கொறையட்டும்னு" என்றார். நான் ஸ்டூலில் ஏறி அந்தச் சட்டியைப் பரணில் அது இருந்த இடத்திலேயே வைத்துவிட்டு வந்தேன். பருப்புப் பொடியை மட்டும் மாமா ரகசியமாகத் தன் பைக்கு மாற்றிக்கொண்டதை நான் பார்த்தேன். பார்க்காத மாதிரி இருந்துவிட்டேன்.

போய்ச் சேர்ந்தோம். இரண்டு ரயில், ஒரு வேன், வளைவுக்கு வளைவு வாந்தி, அதையெல்லாம் சொல்லப் போவதில்லை. மாமா முதல் வேலையாகத் தண்ணீர்க் கரையிலிருந்து வீட்டு வாசல் வரைக்கும் காலால் அடியளந்து பார்த்துவிட்டு, சரியாக இருக்கிறது என்று தலையாட்டினார். கொழுந்தன் பனிமலையைத் தேடினான், ஏழு நாளும் மேகம் விலகவில்லை. என் வீட்டுக்காரர் ரொட்டியைப் பருப்புப் பொடி தொட்டுத் தின்றார். உயிரோடுதான் இருந்தார்.

நானும் அத்தையும் முதல் நாள் நாலரைக்கே விழித்துவிட்டோம். என்ன செய்வது என்று தெரியவில்லை. வராந்தாவில் போர்வையைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்தோம். அத்தையின் கை சும்மா இருக்கத் தெரியாமல் போர்வை நூலைப் பிரித்துக்கொண்டே இருந்தது. வெளுக்கத் தொடங்கியதும் ஏரி தெரிந்தது. "நம்ம கண்மாயும் ரொம்புனா இப்படித்தான் இருக்கும்" என்றார். அப்புறம், "என்ன, இம்புட்டு நேரம் நாம ஒக்காந்து பார்த்ததில்லை" என்றார்.

அத்தை இரண்டு நாள் கூச்சப்பட்டுக்கொண்டு, வைத்ததைச் சாப்பிட்டார். மூன்றாம் நாள் காலையில் ஓனர் ஸ்வெட்டரோடும் கையில் கரண்டியோடும் பக்கத்து வீட்டு வாசலுக்கு வந்தார். அத்தை நாற்காலியில் நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்து, காலை நீட்டிக்கொண்டு, கொழுந்தனின் தோளைத் தட்டினார். "இன்னைக்கு என்ன கொழம்புன்னு கேளுடா."

அவன் கேட்டான், ஜல்தியோடு. அவர் சிரித்துக்கொண்டே ஏதோ சொன்னார்.

"சிவப்புப் பயறுக் கொழம்பாம் ஆத்தா."

எனக்குப் பக்கத்தில் மாமாவும் என் வீட்டுக்காரரும் டீ குடித்துக்கொண்டிருந்தார்கள். அவர்களை ஒரு பார்வை பார்த்துவிட்டு அத்தை முகத்தைச் சுளித்தார். இந்த இருபத்திரண்டு வருடத்தில் அவரை அவ்வளவு சந்தோஷமாக நான் பார்த்ததே இல்லை.

"நேத்தும் அதான?" என்றார்.